மலைக்குப் போன தேக்குப் பெட்டி

சாவி திரும்பியது. உள்ளே பூட்டின் நாக்கு டக்கென்று பின்வாங்கிய சத்தம் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மூடி மட்டும் அசையவில்லை.

மலைமேல் ஒரு கன்னியர் மடம். அதன் வரவேற்பறையில், சிமெண்டுத் தரைக்கு நடுவே, நான் என் கையால் செய்த தேக்குப் பெட்டி இருந்தது. என் வீட்டுக்காரர் அதன்முன் முழங்கால் போட்டு உட்கார்ந்து மறுபடியும் சாவியைத் திருப்பினார். மறுபடியும் டக். மூடியின் விளிம்பில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நகம்கூட இறங்கவில்லை. மூடி எங்கே முடிகிறது, பெட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன.

"பூட்டுல ஒரு கோளாறும் இல்ல மதர். டக்குன்னு சத்தம் கேட்டீங்கல்ல? இது மரத்தோட கோளாறு" என்றார் அவர், மடத்துத் தலைவியைப் பார்த்து.

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறவருக்கு இது மானப் பிரச்சினை. பெட்டி திறக்காமல் போனாலும் போகட்டும், பழி பூட்டின்மேல் விழுந்துவிடக் கூடாது. எனக்கு வந்ததே கோபம்.

"ஆமா, மரந்தான். அந்த மரத்தைச் செஞ்சவ நாந்தான். இப்பத் திருப்தியா?"

சுவரோரமாக நின்ற எங்கள் மகள் செலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். மடத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. யாருடைய பாவாடையையோ, யாருடைய ஸ்வெட்டரையோ போட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய உடுப்பெல்லாம் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரின் கை அவளுடைய விரல்களையும் தாண்டித் தொங்கியது.

நான் அன்றைக்கு மலையேறியது பெட்டியைத் திறப்பதற்கு மட்டுமில்லை. அவளை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதற்கு.

அதற்குள் போவதற்கு முன்னால், கணக்கு டீச்சர் ஒருத்தி எப்படி மரவேலையில் போய் விழுந்தாள் என்று சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரில் இத்தனை வாரமாகப் பள்ளிக்கூடக் கதையையே எழுதிக்கொண்டிருக்கிறேன். "நீங்கள் தச்சு வேலை செய்வீர்களாமே, அதை ஏன் ஒளிக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டுவிட்டார். ஒளிக்கவெல்லாம் இல்லை. அதைச் சொன்னால் பெட்டியைச் சொல்ல வேண்டும். பெட்டியைச் சொன்னால் செலினைச் சொல்ல வேண்டும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மொட்டை ஆசாரி

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு வைத்து, சாப்பிட்டு, வீடே கட்டையைச் சாய்த்திருக்கும் நேரம். நான் மட்டும் திருத்த வேண்டிய கணக்கு நோட்டுகளோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். சேனலை மாற்றிக்கொண்டே போனபோது ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். முழு வழுக்கை. மூக்கு நுனியில் கண்ணாடி. எதிரே ஒரு நீளமான மேஜை.

அவர் பேசிய இங்கிலீஷ் பாதிகூடப் புரியவில்லை. கையைத்தான் பார்த்தேன். சொரசொரவென்றிருந்த ஒரு பலகையின்மேல் இழைப்புளியை வைத்து ஒரே தள்ளு. அதன் வாயிலிருந்து ரிப்பன் மாதிரி ஒரு சுருள் எழுந்து வந்தது. அவர் அதை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். சுருளுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது.

மரத்துக்குள் வெளிச்சம் போகுமா! நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்த சிவப்பு மைப் பேனா ஏதோ ஒரு பிள்ளையின் நோட்டில் ஊன்றியபடியே நின்று, அந்தப் பக்கம் முழுக்க மை ஊறிப்போயிருந்தது. மறுநாள் அந்தப் பிள்ளை "கணக்கு சரிதானே டீச்சர், எதுக்கு இம்புட்டுச் சிவப்பு?" என்று கேட்டது.

அதற்கு முன் நான் ஆசாரிமாரைப் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு நிலை வைத்தபோது வாசலில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். காப்பி போட்டுக் கொடுத்ததே நான்தான். டம்ளர் காலியாகிவிட்டதா என்று பார்த்தேனே தவிர, அவர்கள் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு மொட்டை ஆசாரி வந்து பார்க்க வைக்க வேண்டியிருந்தது.

சில ஞாயிறுகளில் கேபிள்காரர் அந்தச் சேனலைத் தூக்கிவிட்டுப் புதுப்படம் போட்டுவிடுவார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அவர் கடைக்கே போய்விடுவேன்.

"என்னப்பா, நம்ம மொட்டை ஆசாரிய எங்க காணோம்?"

"டீச்சர், தெருவே உக்காந்து படம் பாக்குது. நீங்க ஒராளு அந்த ஆசாரியக் கேக்குறீங்க."

"நானும் அந்தத் தெருவுலதான இருக்கேன்? அரைமணி நேரந்தான். போடு."

போட்டுவிடுவார். கதாநாயகன் சண்டைக்குக் கையை ஓங்கும் நேரத்தில் தெரு முழுக்க டிவியில் மொட்டை ஆசாரி வந்து பலகையைத் தடவிக்கொண்டிருப்பார். என்னைத் திட்டாத வீடு கிடையாது.

வாயெல்லாம் கசப்பு

முதலில் வாங்கியது இழைப்புளியும், ஒரு உளியும், ஒரு கைவாளும். பார்த்த என் வீட்டுக்காரர், "ரிட்டயர் ஆன பெறகு பொழைக்க வழி தேடிக்கிட்டியாக்கும்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா, "டீச்சர், எங்க வீட்டு நாற்காலிக்குக் கால் ஆடுது, எப்ப வாரீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பகடிக்குத் தானே சிரித்தார்.

முதல் பலகை வேம்பு. விறகுக்கடையில் கிடைத்தது. ஒரு மாதம் அதைக் கடித்துக் குதறினேனே தவிர இழைக்கவில்லை. தூள் தூளாக வந்தது. வேப்பந்தூள் உதட்டில் ஒட்டி, காப்பி கசந்தது, சோறு கசந்தது, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது எச்சில் கசந்தது. வீட்டில் நான் அப்போது பேசிய பேச்சும் கசந்துதான் இருந்ததாக என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

டிவியில் கற்றுக்கொள்வதில் ஒரு கஷ்டம். அந்த மனுஷர் நம் தப்பைப் பார்க்க மாட்டார். நம் பாட்டுக்கு இங்கே பலகையைக் கொலை செய்துகொண்டிருப்போம், அவர் அங்கே சிரித்துக்கொண்டிருப்பார். நூலகத்தில் தேடி, தச்சு வேலை படிக்கிற பிள்ளைகளுக்கான ஒரு பழைய தமிழ்ப் பாடநூலைப் பிடித்தேன். அட்டை இல்லாத புத்தகம். டிவியில் பார்த்ததற்கெல்லாம் பெயர் அதில் இருந்தது. அதில் புரியாத படங்களுக்கு அசைவு டிவியில் இருந்தது. இரண்டையும் ஒட்டவைத்து ஒருவிதமாகப் படித்தேன்.

அந்தப் புத்தகம்தான், மரத்துக்கு ரேகை ஒரு பக்கமாக ஓடும், அதை எதிர்த்து இழைத்தால் பிய்யும் என்று சொன்னது. பலகையைத் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். இழைப்புளி ஸ்ஸ்ஸென்று போனது. சுருள் எழுந்து வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. ஓடிப்போய் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். ட்யூப்லைட் தெரிந்தது.

"ஏங்க! இங்க வாங்க! மரத்துக்குள்ள லைட் தெரியுது!" என்று கத்தினேன். குளித்துக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோவென்று துண்டோடு ஓடி வந்தார். அந்தச் சுருளை வாங்கித் தன் கண்ணுக்கு நேராக வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

மொட்டை ஆசாரி நின்றுகொண்டே வேலை செய்வார். மேஜையில் பலகையைப் பிடிக்க ஒரு இரும்பு வாய் உண்டு. எனக்கு ஏது மேஜை? நைட்டிக்கு மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துப் பிடித்தேன். உளிக்கு முன்னால் கையையே வைக்காதே என்று வாராவாரம் சொல்கிறவர் என் காலைப் பார்த்தால் என்ன சொல்வாரோ. சொல்லட்டும். என் கால் கட்டைவிரல் பிடித்த பிடி அந்த இரும்பு வாய்க்கு வராது.

முள்ளங்கியில் மூட்டு

பலகையும் பலகையும் சேரும் மூலையில் ஆணி அடிக்காமல், புறா வாலை விரித்தாற்போல் பல் பல்லாக வெட்டிக் கோத்துவிடும் மூட்டு ஒன்று உண்டு. புத்தகத்தில் அதற்குப் புறாவால் மூட்டு என்றே பெயர். மொட்டை ஆசாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெட்ட ஆரம்பித்தார். ஒரு பலகையில் வாலை வெட்டி முடித்தார். அடுத்த பலகையில் வைத்துக் கோடு போட்டார். வாளை எடுத்தார். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்தபோது அவர் மூட்டைக் கோத்து முடித்து, கையைத் தட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தார். மின்வாரியத்தை நான் அன்றைக்குத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

நடுவில் நடந்தது என்ன? கோட்டுக்கு எந்தப் பக்கம் வாளை வைத்தார்? மரத்தில் வெட்டிப் பார்த்தால் மரம் வீணாகிறது. அதனால் முள்ளங்கியில் வெட்டினேன். கேரட்டில் வெட்டினேன். துணி சோப்பில் வெட்டினேன். முள்ளங்கி சாம்பாருக்குப் போயிற்று. செலின் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் கரண்டியால் துழாவி, "அப்பா, இன்னைக்கு வெஞ்சனத்துல ரெண்டு மூட்டு தேறிருக்கு" என்பாள். "எனக்கு வந்ததெல்லாம் வேஸ்டு" என்பார் அவர்.

ஒருநாள் முள்ளங்கியில் அது பிடித்துக்கொண்டது. ஒரு துண்டைத் தூக்கினேன், மற்றதும் கூடவே வந்தது. கோட்டை அழிக்காமல், கோட்டுக்கு வெளியே, கழிக்கிற பக்கத்தில் வாளை வைக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அடுப்படியில் அந்த முள்ளங்கியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆணி இல்லை, பசை இல்லை, இரண்டு துண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதை முதன்முதலில் யோசித்த மனுஷன் யாராயிருந்தாலும் அவனைக் கும்பிட வேண்டும் என்று நினைத்தேன்.

பெட்டி கேட்ட பெண்

பட்டப்படிப்பு முடித்த கையோடு செலின் மடத்தில் சேரப் போகிறேன் என்று சொன்னாள்.

நாங்கள் கத்தோலிக்கர். வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கன்னியராகப் போவது பெரிய பெருமை. "கொடுத்து வச்சவுக" என்று ஊர் சொன்னது. பங்குச் சாமியார் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். நான் எல்லோருக்கும் காப்பி கொடுத்துச் சிரித்தேன். உள்ளே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலைந்து இருக்கிற வீட்டில் ஒன்றைக் கொடுப்பது வேறு. எனக்கு இருப்பதே ஒன்று. பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டறைக்குப் போனார், வந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குக் கட்டில், பீரோ என்று வண்டி நிறையப் போகும். மடத்துக்குப் போகிற பெண்ணுக்கு ஒரே ஒரு பெட்டி. அப்பா ஒரு கைப்பிடியும் அம்மா ஒரு கைப்பிடியுமாகத் தூக்கிக்கொண்டு போய் மடத்து வாசலில் இறக்க வேண்டும். பெரும்பாலும் கடையில் வாங்கிய தகரப் பெட்டிதான்.

செலின் ஒருநாள் நான் உளி தீட்டிக்கொண்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, எனக்குத் தகரப் பெட்டி வேண்டாம். நீ செஞ்சு குடு" என்றாள்.

நான் கணக்கு டீச்சர் இல்லையா, மனசுக்குள் உடனே ஒரு கணக்கு ஓடியது. பெட்டி முடியாமல் பிள்ளை போகாது. பெட்டியை முடிப்பதும் முடிக்காததும் என் கையில். ஒரு வருஷம் இழுக்கலாம். ஒரு வருஷத்தில் மனசு மாறாதா?

"சரி, செஞ்சு தாரேன்" என்றேன்.

பேகம்பூரில் காதர் பாயின் பழைய மரக்கடைக்குப் போனோம். இடித்த வீடுகளின் உத்தரமும் கதவும் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும். பாய் ஒரு தேக்கு உத்தரத்தைக் காட்டி அதன்மேல் தட்டினார்.

"எங்க வாப்பாவோட வாப்பா காலத்து மரம் டீச்சரம்மா. காய வேண்டியதெல்லாம் எப்பவோ காய்ஞ்சு முடிச்சிருச்சு. இனி இது அசையாது. நான் அசைஞ்சாலும் இது அசையாது."

அந்தக் கறுத்த மரத்தை வீட்டில் வைத்து ஒரு தடவை இழைத்தேன். உள்ளே தேன் நிறம். கூடவே ஒரு வாசனை, எண்ணெயும் தோலும் கலந்தாற்போல், நேற்று வெட்டிய மரம் மாதிரி. மூன்று தலைமுறையாக யாரோ ஒருவருடைய கூரைக்குக் கீழே கரி பிடித்துக் கிடந்த மரத்துக்குள் இது அப்படியே இருந்திருக்கிறது. நான் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அதில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு செத்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இழுத்தடிக்க நினைத்த என் திட்டம் அங்கேயே கெட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கை சும்மா இருக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்தால், அந்த ஒரு பல்லை மட்டும் முடித்துவிடலாமே என்று கையே மறுபடி உட்காரச் சொன்னது. கோடை லீவு வேறு வந்துவிட்டது. மூலையைக் கோத்துக் கொட்டாப்புளியால் தட்டும்போது முதலில் சத்தம் கொடகொடவென்று வரும். இறங்க இறங்க அது மாறும். முழுக்க இறங்கி உட்கார்ந்ததும் ஒரே கட்டையைத் தட்டுகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் ஓடினேன். மகளை நிறுத்தி வைக்க எடுத்த வேலையை மகளைவிட அவசரமாக முடித்துக்கொண்டிருந்தேன். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல!

மூடியைப் பெட்டியின் மேல் வைக்காமல், நான்கு பக்கப் பலகைகளுக்கும் உள்ளே அமுங்கி உட்காரும்படி செய்தேன். மொட்டை ஆசாரி அப்படித்தான் செய்வார். பலகைக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு காகிதம் போகும் இடம்தான் விட்டேன். மூடியைக் கைவிட்டால் படாரென்று விழாது. உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழி தேடும்; அதனால் மெதுவாக, ஹூம் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கும். என் வீட்டுக்காரர் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். பட்டறையில் வேலை செய்கிறவர்களை அழைத்து வந்து காட்டினார். அதற்கென்றே ஒரு பூட்டுச் செய்து முன்பலகையில் பதித்தார்.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் மூச்சு விடும், குளிருக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதற்கு இடம் விட்டு வை என்று மொட்டை ஆசாரி சொல்லாத வாரமில்லை. பாடநூலிலும் இருந்தது. நான் சிரித்தேன். திண்டுக்கல்லில் ஏது குளிர்? வெயில், அது விட்டால் கொஞ்சம் குறைந்த வெயில். போதாக்குறைக்குக் காதர் பாயின் சத்தியம். சித்திரை வெயிலில் காய்ந்து முறுகிய மரத்தில், திண்டுக்கல்லுக்கென்று அளவெடுத்து, காகிதம் போகும் இடம் விட்டுப் பெட்டி செய்தேன்.

பெட்டி திண்டுக்கல்லில் இருக்கப் போவதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கணக்குத் தெரியாமல் இல்லை. அவள் போய்விடுவாள் என்று என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

அடுப்படியில் ஒரு ராத்திரி

ஜூன் மாதம் அவரும் நானும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்து, அந்தப் பெட்டியை மடத்து வாசலில் இறக்கிவிட்டு வந்தோம். கொஞ்ச நாளில் மலையில் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குப் போன் வந்தது. பெட்டி திறக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். ஆண்டவரே மூடிவிட்டார், இனி யார் பேச்சும் எடுபடாது என்று நினைத்தேன். பையில் இழைப்புளியை வைத்தேன். அவளுக்கு மாற்று உடுப்பு ஒன்றும் எடுத்து வைத்தேன், திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள. கொடைரோட்டில் இறங்கி மலை பஸ் பிடித்தோம். மேலே ஏற ஏற பஸ்ஸின் ஜன்னல் கம்பி ஈரமானது. என் சேலைத் தலைப்பு ஈரமானது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேலை குடிக்கிற தண்ணீரை மரம் குடிக்காதா?

இனி அந்த வரவேற்பறைக்கு வருகிறேன். மதர் பொறுமையாக இருந்தார். "என்ன செய்யலாம் டீச்சர்?" என்று கேட்டார்.

"குளிருல உப்பிப்போச்சு மதர். சூடு காட்டுனா எறங்கும். அடுப்படி எங்க இருக்கு?"

மடத்து அடுப்படியில் பெரிய விறகடுப்பு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை அதற்குப் பக்கத்தில், தீ படாத தூரத்தில் கொண்டு வைத்தோம். வைக்கும் முன் டேப்பை எடுத்து மூடியின் அகலத்தை அளந்துகொண்டேன். காலையில்தான் தெரியும் என்றேன். எங்களுக்கு விருந்தினர் அறையில் படுக்க இடம் கொடுத்தார்கள்.

சாயங்காலம் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் செலின் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு வெங்காயம் உரிக்கச் சொன்னால் ஓடிப்போகிறவள். அவளோடு இன்னும் நாலு பெண்கள். எதற்கோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எழுந்து போனதும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செலினு, பெட்டியே வேண்டாங்குது பாத்தியா? வா, வீட்டுக்குப் போயிருவோம்."

"பெட்டி வேண்டாங்கலம்மா. பெட்டிக்குக் குளிருது."

"வாயி மட்டும் கொறையல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "மதர் உடைச்சிரலாம்னுதான் சொன்னாங்க. தோட்டக்காரர் கோடாலியோட வந்து நின்னாரு. நான் பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். எங்கம்மா வந்து திறப்பாங்க, அதுவரைக்கும் இரவல் உடுப்புப் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"நான் பெட்டியத் திறக்க வரலடி. ஒன்னயக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தெரியும்மா. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." கிழங்குத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு இங்க பிடிச்சிருக்கு. ஆனா நீ அழுதேன்னா நான் கெளம்பி வந்துருவேன். அதனால அழுதுறாதம்மா."

நான் எழுந்து, அடுப்பில் விறகைத் தள்ளிவிடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வயிற்றில் பிறந்தது, என் வாயைக் கொண்டு பிறந்தது. ஆனால் இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், அவள் என்னோடு பஸ் ஏறுவாள். அதை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள். விறகுப் புகைதான் கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் இடம் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு நூல்

காலையில் ஜெபம் முடிந்து அடுப்படிக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். டக். செலின் மூடியின் முன்விளிம்பில் நகத்தை நுழைத்துத் தூக்கினாள். ஹூம் என்று ஒரு பெருமூச்சோடு மூடி மேலே வந்தது. அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். மதர் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் டேப்பை எடுத்து மூடியை அளந்தேன். நேற்றைய அளவுக்கும் இன்றைக்கும் இரண்டு நூல் வித்தியாசம். ஆசாரிமார் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். திரும்பவும் அளந்தேன். அதேதான். காதர் பாயின் பாட்டன் காலத்தில் வெட்டிய மரம். ஆணி அடித்து, கரி பிடித்து, இடித்து, அறுத்து, இழைத்த மரம். ஒரு ராத்திரிக்குள் கால் அங்குலம் மூச்சு விட்டிருக்கிறது. மேலெல்லாம் எனக்குப் புல்லரித்துவிட்டது. மொட்டை ஆசாரி வாராவாரம் சொன்னதைக் கையில் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூடியைக் கழற்றி, அடுப்படித் தரையில் செங்குத்தாக நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துப் பிடித்தேன். முன்விளிம்பை இழைக்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டேன். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குனிந்தார். செலின் மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அதுவரை வேண்டும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை பேசாத மனுஷர்.

"எம்புட்டு எடுக்கப் போற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு நூலு."

"அம்புட்டுமா? ஒரு நூலு எடுத்தாப் போதாதா டீச்சரு? அம்புட்டையும் எடுத்துட்டா, நாளப்பின்ன கீழ கொண்டாந்தா மரம் சுருங்கிச் சந்து விழுமே. ஒரு பென்சிலே உள்ள போயிருமே."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார். எனக்கு ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் செலின் பெட்டிக்குள்ளிருந்து தன் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ வராதுங்க" என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்து, மூடியின் மறுமுனையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் இழைக்க ஆரம்பித்தேன்.